அம்மாவின் ஜெபமாலை

இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். திருமங்கலத்தில் அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மல்லிகைச் சரம் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம்.

அம்மா இருந்தவரை, ராத்திரி 53 மணி ஜெபமாலை முடியாமல் வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. விருந்தாளிகளும் பாயில் உட்கார்ந்தே ஆகவேண்டும். தூங்கி விழும் பேரனைத் தொடையில் தட்டி, “அடுத்த பத்து நீ சொல்லுடா” என்பார்.

2002-ல் போப் இரண்டாம் ஜான் பால், ஜெபமாலையில் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைப் புதிதாகச் சேர்த்தார். பேத்தி கொட்டை எழுத்தில் எழுதித் தர, அந்த ஐந்தையும் அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, குழம்பைக் கிண்டிக்கொண்டே மனப்பாடம் செய்தார் அம்மா. அதற்குப் பிறகு, அவற்றைச் சொல்லும் எந்த வியாழக்கிழமையும் தாளைப் பார்த்ததில்லை.

அம்மாவின் நித்திய இளைப்பாற்றிக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லிக்கொள்ளுங்கள், உறவுகளே.