தேவதைகளின் பங்கு

விஸ்கி வடிப்போரிடையே 'தேவதைகளின் பங்கு' என்றொரு சொல் வழங்குகிறது. மரப் பீப்பாயில் முதிரும் மதுவில் ஆண்டுதோறும் ஆவியாய்ப் போகும் பகுதிக்கு இட்ட பெயர் அது.

ஜக்தாலே குடும்பத்தார் 1948-ல் பெங்களூரில் நிறுவிய அம்ருத் வடிசாலை, முளைகட்டிய பார்லி ஒன்றையே கொண்டு ஒரே சாலையில் வடித்த தன் விஸ்கியை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கே கொண்டுபோய் வெளியிட்டது. 2010-ல் 'இன்டர்மீடியட் ஷெர்ரி' என்ற வகை வந்தது. முன்னும் பின்னும் வேறு பீப்பாய்களில் வைத்து, இடையே ஸ்பெயின் தேசத்து ஷெர்ரி என்னும் திராட்சைமது ஊறிய பீப்பாயில் முதிரச் செய்தமையால் அதற்கு அப்பெயர். மரத்தில் ஊறிய ஷெர்ரி, விஸ்கிக்கு உலர்திராட்சையின் மணத்தையும் செந்நிறத்தையும் தருகிறது.

ஸ்காட்லாந்தில் ஆவியாவது வருஷத்திற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு. பெங்களூரிலோ 10 முதல் 12. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் போட்டுப் பார்த்தோம்: 100 காலன் நான்கு வருஷத்தில் அங்கே 92 ஆகும், பெங்களூரில் 66-க்கும் குறைந்துவிடும். பெங்களூர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகமோ? இல்லை, வெப்பம் அதிகம், அவ்வளவே.

சிம்பாங் ரெங்கத்தில் தோட்டக் கிராணியாயிருந்து சம்பளப் பட்டியல் எழுதும் நமக்கு வேறோர் ஆவியாதலும் தெரியும். தொழிலாளியின் சம்பளம் குடியில் கரைவதைத் 'தலைவிதி' என்கின்றனர். விதியா குடித்தது? ரப்பர் காலத்தில் தோட்டத்திற்குள்ளேயே அனுமதி பெற்ற கள்ளுக்கடை இருந்தது. அதனை மூடவேண்டும் என்பது 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. பின்னர் மலிவான சம்சு வந்தது. 2018-ல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பலரைக் கொன்றது. மாண்டோருள் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர்.

செல்வன் கிண்ணத்தை ரசனை என்றும், ஏழை புட்டியை ஈனம் என்றும் பேசுவது நேர்மையன்று. போதை இரண்டிற்கும் பொதுவே. வேறுபாடு இழப்பில் உள்ளது. வடிசாலையார் தம் இழப்பை அளந்தெழுதி விலையில் ஏற்றிவிடுவர். தொழிலாளியின் மனைவி தன் இழப்பை எவர்மேல் ஏற்றுவாள்? அடுப்பின்மேலும் பிள்ளையின் படிப்பின்மேலும் அன்றோ!

தோழர்களே! பீப்பாய்க்குள்ள கணக்கு குடும்பத்திற்கும் வேண்டும். வாங்கிய சம்பளத்தில் வீடு சேர்ந்த வெள்ளி எவ்வளவு என்று மாதந்தோறும் எழுதி வையுங்கள். எழுதிய கணக்கின்முன் தேவதையும் நில்லாது, விதியும் நில்லாது.