கோப்பிக் காலத்தில் ஏது கொழுந்து?

என் முதல் நாவலின் தொடக்கத்தில், 1840-களில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டு வழியே இலங்கையின் மாத்தளைக்கு நடந்து வந்த ஒரு பெண் மறுவாரமே கூடை கட்டித் தேயிலைக் கொழுந்து பறிப்பாள். அச்சேறிய பிறகு, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "தம்பி, கோப்பிக் காலத்துல ஏது கொழுந்து?"

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-ல். அதற்கு முன் இந்த மலைகளில் கோப்பி. பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் அதற்கு ஆள் திரளாக வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869-ல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து துளிர்க்கும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். எங்கள் பெண்கள் எதற்காக இந்த மலையில் நிலைத்தார்கள் என்பதையே நான் பிழையாக எழுதியிருந்தேன்.

அதற்காகப் பதிவேட்டை மட்டும் நம்பி எழுதவும் என்னால் ஆகாது. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒருத்திக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்திருக்கும். கொழுந்து குறைவு என்று கணக்குச் சொல்லும். கூடைக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று தராசடியில் கழித்தது போக மிஞ்சிய நிறைதான் அது என்பதை என் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டிக் கூட்டிவந்தார்கள் என்றும் அவர் சொல்வார். கோப்பிக்கு வந்தவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் ஏமாந்து வந்தோம் என்ற அந்த நினைவை நான் தள்ளமாட்டேன்; எந்தத் தலைமுறையின் வாயில் அது பிறந்தது என்று மட்டும் தேடுவேன்.

எங்களுக்கு இது வெறும் எழுத்துத் தொழில் சங்கதி இல்லை. 1948-ன் குடியுரிமைச் சட்டம், தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்குத் துண்டு கேட்டது. பாட்டனைப் புதைத்த மேட்டைக் காட்ட முடிந்தது. துண்டைக் காட்ட முடியவில்லை. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. இந்த எண்களை நான் மாற்றமாட்டேன். ஆனால், ஒரே லயத்தில் அக்காள் போகவும் தங்கை நிற்கவுமாக விடிந்த காலைக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை. அதைக் கதையில்தான் வைக்க முடியும்.

சி.வி. வேலுப்பிள்ளை 1947-ல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர். சட்டமும் புள்ளிவிவரமும் அவர் கைக்குள் இருந்தன. அவரே 'வீடற்றவன்' என்று நாவலும் எழுதினார், தோட்டத்துப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யலாம் என்பதற்கு எனக்கு அவர் போதும்.

இப்போது இரண்டு கொப்பிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆண்டும் தாளும், மற்றதில் கிழவிகள் சொன்னது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கதை எழுத உட்காருகிறேன்.

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பிறப்புத் துண்டோ, சம்பளச் சீட்டோ, இந்தியப் பாஸ்போர்ட்டோ கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அதைப் பாட்டியின் கையில் கொடுங்கள். அவர் சொல்வதைச் சொன்ன தேதியோடு எழுதிவையுங்கள்.