வேப்பம்பெஞ்சு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வேம்பு மதில் மேல் சாய்ந்தது. விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அறுத்து, ஓராண்டுக்கு மேல் நிழலில் காயவைத்து, வாசலில் போட ஒரு பெஞ்சு செய்யச் சொன்னேன். ஆசாரி வெளிறை ஒதுக்கி, வைரம் பாய்ந்த பலகைகளாகப் பார்த்து எடுத்தார்.

பூச்சு மட்டும் என் யோசனை: பளபளக்கும் வார்னிஷ், மூன்று கோட்டு.

ஒரு கத்திரி வெயில், ஒரு ஐப்பசி மழை. வார்னிஷ் மயிரிழையாக வெடித்துச் செதில் செதிலாக உரிந்தது. ஆசாரி நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்தார். அடியில் மரம் கறுத்திருந்தது. "சுடுசோத்தை பாலிதீன் பையில கட்டின மாதிரி ஆயிடுச்சு சார். உள்ள வேர்க்குது, வெளிய வர வழியில்ல."

மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இறுகிய படலத்துக்கு அந்த அளவு வளைந்துகொடுக்கத் தெரியாது. நிறமில்லாத வார்னிஷை ஊடுருவும் புற ஊதாக் கதிர், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினையும் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் பூச்சு கழன்றுவிடும். நிறமி கலந்த பூச்சு வெயிலை மறிக்கும். எண்ணெயோ மரத்துக்குள் இறங்கிவிடும், உரிவதற்கு ஒன்றும் மேலே நிற்காது. வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசிய கடற்கரைக்காரர்கள் அறிந்த கணக்குதான்.

பழைய மரம் தெரியும்வரை 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120. ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, நார்ப்போக்கிலேயே துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தோம், துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். கால்களின் வெட்டுமுகம்தான் அதிகம் தண்ணீர் குடிக்குமாம். அங்கே எண்ணெயை ஊறவிட்டு, அடியில் கருங்கல் துண்டுகள் வைத்தார் ஆசாரி. எண்ணெய்த் துணியை நான் சுருட்டிப் போட்டதும் பிடுங்கிக் கொடியில் விரித்தார். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன் நாலு நாள் வெயில் காய்ந்தால், பெஞ்சுக்கு எண்ணெய். முடித்ததும் கவிழ்த்து, அடிப்பலகையில் ஆண்டைப் பென்சிலால் எழுதிவைக்கிறேன். அந்த வரிசையில் 2020 மட்டும் இல்லை. கொரோனாவில் விட்டுப்போயிற்று, நவம்பரில் நிவர் புயல் மழை வந்தது. வலது கைப்பிடியில் அன்று விழுந்த கறுப்புத் திட்டு எந்த உப்புத்தாளுக்கும் மசியவில்லை. வந்து உட்காருகிறவர்கள் சரியாக அதன் மேல்தான் கை வைக்கிறார்கள்.