சொல் கடந்த இசை

இசைக்குச் சொல் இன்றியமையாததா? தாய்மொழியை உயிரென ஓம்பும் நமக்கு இவ்வினா சற்றே உறுத்தும். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் 1994-இல் தோன்றிய 'சிகுர் ரோஸ்' என்னும் குழுவின் இசையை நம் பிள்ளைகள் வழியாகவே நாம் கேட்க நேர்ந்தது. 'போஸ்ட் ராக்' என்று அதற்குப் பெயர் கூறினர். பாடகர் யோன்சி, செல்லோ வாத்தியத்துக்குரிய வில்லைக்கொண்டு மின்சாரக் கித்தாரை மீட்டுகிறார். எதிரொலியில் தோய்ந்த அந்நாதம் பனி இறங்குவதுபோல் மெல்லப் பரவி, நீண்டு, தேய்ந்து, சில பாடல்களின் முடிவில் பெருமுழக்கமாய் ஓங்குகிறது.

2002-இல் வெளிவந்த அவர்களது இசைத்தொகுப்புக்குப் பெயரே இல்லை. இரு பிறைக்குறிகளே அதன் அடையாளம். அதன் எட்டுப் பாடல்களுக்கும் பெயரிடவில்லை. பாடப்படுவதோ எம்மொழியும் அன்று. பொருளற்ற அசைகளின் கோவை. உடன் வைத்த சிற்றேட்டின் பக்கங்களும் வெறுமையாகவே விடப்பட்டன. கேட்பவர் தமக்குத் தோன்றிய பொருளைத் தாமே எழுதிக்கொள்ளலாம். ஆலாபனையில் திளைத்த செவிக்கும், 'ஆராரோ' கேட்டு உறங்கிய நெஞ்சுக்கும் இது முற்றிலும் புதிதன்று.

எனினும், சொல்லைக் கடந்தவர்கள் மொழியைத் துறந்தாரல்லர். சுமார் 4 இலட்சம் மக்களே வாழும் தம் நாட்டின் மொழியில்தான் அவர்தம் பாடல்களுள் பெரும்பாலானவை அமைந்துள்ளன. ஆங்கிலத்தின் துணையை நாடாமலே உலகின் செவியை ஈர்த்தனர். 'நம் மொழி இவ்வூரில் யாருக்குப் புரியும்?' என்னும் ஐயம், பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அதற்கு இவ்விசை ஒரு விடை. பொருள் பின்னர் விளங்கட்டும். தமிழின் ஒலி முதலில் நம் குழந்தைகளின் செவியில் விழட்டும்.