வீட்டில் வாயாடி, ஸ்கூலில் ஊமைக்கோட்டான்

எங்க வீட்டுச் சின்னவ ஒரு வாயாடி. காலையில கண்ணைத் திறந்ததும் ஆரம்பிச்சா ராத்திரி தூங்கற வரைக்கும் ஓயமாட்டா. அதனால 2018-ல எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டு, "சார், உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?"ன்னு கேட்டப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நாலு மாசமா ஒரு வார்த்தை பேசலையாம்!

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. அம்மா, நாக்குல வசம்பு தேய்க்கணும்னாங்க. (வீட்டுல அவ வாயை மூடத்தான் மருந்து வேணும்.) பக்கத்து வீட்டு மாமி, "பிடிவாதம், ரெண்டு போடுங்க"ன்னாங்க. நான் என் பங்குக்கு, மிஸ்ஸுக்கு ஒரு குட்மார்னிங் சொன்னா சைக்கிள்னு பேரம் பேசினேன்.

ஒரு நாள் ஈர யூனிபார்மோட வந்து நின்னா. பாத்ரூம் போகணும்னு கேட்க முடியாம அடக்கி அடக்கி... "வாய் இருக்குல்ல, கேட்டா என்ன?"ன்னு கத்திட்டேன். அன்னிக்குப் பூரா அவ என்கிட்டயும் பேசலை. இதை எழுதவே கூச்சமா இருக்கு.

அப்புறம் பார்த்த மனநல ஆலோசகர்தான் இதுக்கு 'செலக்டிவ் மியூட்டிசம்'னு பேர் சொன்னார். பிடிவாதம் இல்லை, பதட்டம். 1934-ல் மோரிட்ஸ் டிராமர் என்ற டாக்டர் இதுக்கு வெச்ச பேர் 'எலெக்டிவ் மியூட்டிசம்'. அதாவது, குழந்தை வேணும்னே பேசாம இருக்குன்னு அர்த்தம். 1994-லதான் அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல பேர் மாறுச்சு. பெரிய டாக்டர்களுக்கே அறுபது வருஷம் ஆயிருக்கு, நான் எந்த மூலைக்கு!

பின்னாடி அவளே ஒரு நாள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "வார்த்தை இதுவரைக்கும் வரும்பா"ன்னா.

ஆலோசகர் முதல்ல சொன்னது, "பேசு பேசுன்னு சொல்றதை நிறுத்துங்க". அடுத்தது எனக்குச் சுருக்குனு பட்டுச்சு: "அவளுக்காக நீங்க பதில் சொல்லாதீங்க." போற இடமெல்லாம் நான்தானே அவளுக்கு வாய்! வேணுமா வேண்டாமான்னு கேட்டா தலையாட்டிட்டுப் போயிடுவா. சிவப்பா நீலமான்னு கேட்டுட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணணுமாம். பாத்ரூமுக்கு மட்டும் உடனே ஒரு மஞ்சள் அட்டை. மேஜையில வெச்சா மிஸ் அனுப்பிடுவாங்க.

ஸ்கூல்ல மணி அடிக்கறதுக்கு முன்னாடி, காலி கிளாஸ்ல தங்கமணியும் அவளும் பரமபதம் ஆடுவாங்க. முதல் ரெண்டு நாள் மிஸ் வராண்டாவுல. அப்புறம் வாசல்ல. அப்புறம் கடைசி பெஞ்சுல நோட்டு திருத்திக்கிட்டு. இப்படியே ஒவ்வொரு பெஞ்சா முன்னாடி வந்தாங்க. மூணாவது வாரம் தங்கமணி காயைப் பாம்பு முழுங்குச்சு. "ஐ, மாட்டிக்கிட்டியா!"ன்னு கத்திட்டா. மிஸ் பக்கத்து பெஞ்சுல!

மிஸ் கை தட்டலை. தலையைக்கூடத் தூக்கலையாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தா மறுபடி பூட்டிக்கும்னு ஆலோசகர் சொன்னதை அப்படியே செஞ்சாங்க. அவங்களுக்குக் கோயிலே கட்டலாம்.

கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் "பிரசன்ட் மிஸ்" சொல்ல யூ.கே.ஜி. பாதி ஆயிடுச்சு. ஆனா எனக்கு மறக்காதது 2019 மே லீவு. தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சி, "பாப்பாவுக்கு என்ன வேணும்?"ன்னார். வாய் வரைக்கும் வந்த பதிலை முழுங்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு...

"கடலமிட்டாய்."

அண்ணாச்சி, "சில்லறையா குடுங்க சார்"ன்னார்.