மாதச் சம்பளமும் எட்டரை ஆண்டுக் கணக்கும்



ஷஅபான் மாதத்தின் தொடக்கத்தில் எங்கள் இல்லத்திற்கு ஒரு பணி நியமனக் கடிதம் வந்தது. செய்யாறு சிப்காட் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில், ஜிஎஸ்டி மற்றும் சரக்குக் கணக்குப் பிரிவில் நிரந்தர வேலை. பத்து நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் வந்திருந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்பியிருப்போம். நாற்பதைக் கடந்த பின் வந்ததால் பத்து இரவுகளின் உறக்கமும் போயிற்று.

நாங்கள் கணவனும் மனைவியும். திருவண்ணாமலையில் வசிக்கிறோம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் எங்களில் ஒருவர் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, கணக்கு ஆலோசகர்களாகத் தொழில் தொடங்கினோம். ஆரணி, போளூர்ப் பகுதி அரிசி ஆலைகள், பட்டுச் சேலை வணிகர்கள், ஆம்பூர்ப் பக்கம் இரண்டு தோல் வணிகர்கள் என இன்று பதினான்கு வாடிக்கையாளர்கள். ஒருவர் பேருந்தேறி ஆலைகளுக்குச் செல்வார். மற்றவர் வீட்டிலிருந்தபடி படிவங்களைத் தாக்கல் செய்வார். பெயர்ப்பலகையில் ஆலோசகர் என்று ஒருவர் பெயர்தான் இருந்தது. உழைப்பு இருவருடையது. இதைப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தத் தொழிலை நாங்கள் விரும்பினோம் என்பதை மறைக்கவில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு ஐந்து விழுக்காடு வரி வந்தது. சில வாரங்களில் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று வாங்குவோர் வியந்தார்கள்; ஆலைக்காரர்களுடன் உட்கார்ந்து சட்டத்தின் வாசகத்தைப் படித்துச் சொன்ன எங்களைப் போன்றோருக்கு விடை தெரியும். அது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனாலும் 26 என்று அச்சிட்ட சாக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிறு நெருடல் எழும். பின்னர் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் எங்களுக்குப் புது வேலையைக் கொண்டுவந்தது.

எங்கள் மாதத்தில் மூன்று நாட்கள் முக்கியமானவை. 11 ஆம் தேதி, 20 ஆம் தேதி, பௌர்ணமி. முதல் இரண்டும் ஜிஎஸ்டி படிவங்களுக்கான கடைசி நாட்கள். பௌர்ணமி, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமாகத் திரளும் நாள். அன்று ஊருக்குள் வண்டிகள் நுழைய முடியாது. வெளியூர்ப் பயணத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. பிறை மாதத்தின் 13, 14, 15 ஆம் நாட்களில் நஃபில் நோன்பு வைப்பவர்களுக்கு இவ்வூரில் ஒரு வசதி உண்டு. சிறப்புப் பேருந்துகள் வரிசைகட்டத் தொடங்கினாலே அய்யாமுல் பீழ் நெருங்கிவிட்டதென்று தெரிந்துவிடும். நாட்காட்டி பார்க்கத் தேவையில்லை.

கடிதம் வந்த செய்தி உறவினரிடையே பரவியதும் அறிவுரைகள் வந்தன. மாமு ஒருவர் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார். ரிஸ்கின் பத்துப் பங்கில் ஒன்பது வணிகத்தில் இருப்பதாக ஹதீஸ் உள்ளதே, அதை விட்டுவிட்டு அடுத்தவரிடம் கைகட்டி நிற்பதா என்று கேட்டார். சொந்தத் தொழில்தான் தவக்குல், மாதச் சம்பளம் ஈமானின் பலவீனம் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் ஆழமாக இருக்கிறது. எங்களுக்குள்ளும் இருந்தது. எட்டரை ஆண்டுகளாகப் பணம் வராத மாதங்களை அந்த எண்ணத்தைக் கொண்டே கடந்தோம்.

எங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் இதைக் கேட்டோம். அந்த அறிவிப்பைப் பலவீனமானது என்றே ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர் என்றார். வணிகத்தின் சிறப்புக்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அதற்காகக் கூலி வேலையை இழிவாக்க வேண்டியதில்லை. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்ற ஒப்பந்தத்தில் ஆடு மேய்த்ததைக் குர்ஆன் கூறுகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள்.

அவர் நினைவூட்டிய மற்றொரு நிகழ்வு எங்கள் உள்ளத்தில் தங்கிவிட்டது. அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவான பின்பும் வழக்கம்போல் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். எதிரே வந்த உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) ஆகியோர் தடுத்து, பைத்துல் மாலிலிருந்து குடும்பச் செலவுக்கு ஒரு தொகையை நிர்ணயிக்க ஏற்பாடு செய்தார்கள். தம் தொழில் குடும்பத்துக்குப் போதுமானதாகவே இருந்தது என்று அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. வருமானம் போதாமல் அவர்கள் வணிகத்தை விடவில்லை. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ சந்தைக்கு வழி கேட்டார்கள். இருவரும் ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த ஒப்பும் இல்லை. ஆனால் தவக்குல் என்ற சொல்லை இனி இந்த விவாதத்தில் ஆயுதமாகப் பயன்படுத்துவதில்லை என்று அன்றிரவு இருவரும் பேசி முடிவு செய்தோம். கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் நாங்கள் எங்கள் கணக்கை இவ்வளவு நேர்மையாக அதற்கு முன் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு நாங்கள் எழுதிய பில்களின் கூட்டுத்தொகை 11,20,000 ரூபாய். இதைத்தான் எங்கள் வருமானம் என்று எண்ணியிருந்தோம். கைக்கு வந்தது 8,90,000. பேருந்து, இணையம், மென்பொருள் உரிமம், மடிக்கணினிப் பழுது என 1,90,000 செலவு. மீதி ஏழு லட்சம். மாதம் ஏறத்தாழ 58,000. அதுவும் இரண்டு பேருடைய உழைப்புக்கு.

மறுபுறத்திலும் அதே கண்டிப்பைக் காட்டினோம். நிறுவனம் சொன்னது ஆண்டுக்கு 9,60,000. மாதம் 80,000 என்று மகன் உடனே வகுத்துச் சொன்னான். ஆனால் அது சி.டி.சி. எனப்படும் மொத்தச் செலவுத் தொகை. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன. நம் பங்கான 12 விழுக்காடும் பிடிக்கப்பட்டபின் கைக்கு வருவது 68,000 சொச்சம். பணிக்கொடையோ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால்தான் கிடைக்கும். செய்யாறு இங்கிருந்து தினமும் சென்று திரும்பும் தொலைவில் இல்லை. அங்கே வாடகை வீடு எடுத்தால் ஒன்பதாயிரம் போய்விடும். ஆக, வித்தியாசம் மாதம் ஆயிரம் ரூபாய்தான்.

வரிச் சலுகைக்காக ஆலோசகராகவே இருங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வருமான வரிச் சட்டத்தின்படி எங்களைப் போன்றோர் வரவில் பாதியை மட்டும் இலாபமாகக் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை, சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவுடன் 12,75,000 வரை, வரி இல்லை. எங்கள் அளவில் இரண்டு பக்கமும் வரி சுழியம். அந்த வாதம் பெரிய வருமானக்காரர்களுக்கு உரியது.

பிறகு, எங்களைப் போன்ற குடும்பங்களில் எழும் கேள்விகள். வைப்புநிதியில் சேரும் கூடுதல் தொகை வட்டியா? கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கே வராததால், அதன்மீது சேர்வது வட்டியாகாது என்பது பல முஃப்திகளின் தீர்ப்பு. விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் தொகையில் அவர்களுக்கும் தயக்கம் உண்டு. எனவே கட்டாயப் பங்கோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தோம். மருத்துவக் காப்பீட்டில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் இத்தனை ஆண்டுகள் நாங்களாக எதையும் எடுத்ததில்லை. நிறுவனம் தானாகத் தரும் திட்டத்தில் பெற்றோரும் சேருவார்கள் என்றபோது, எழுபத்தாறு வயது அத்தாவை நினைத்துக்கொண்டோம்.

வட்டியை உண்பவர், கொடுப்பவர் மட்டுமின்றி அதை எழுதுபவரையும் சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் கணக்குத் தொழிலில் இருப்பவர்களின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது. நேர்காணலுக்கு வந்த அதிகாரியிடம் நேரடியாகவே கேட்டோம். கடன், வங்கி தொடர்பான கணக்குகள் வேறு பிரிவு. இந்தப் பணியில் சரக்கும் மறைமுக வரியும் மட்டுமே என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒன்றே கால் மணி நேரம் கேட்டோம். அதை மின்னஞ்சலில் எழுதித் தந்தார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்கும் வழக்கத்தை மிகத் தாமதமாகக் கற்றவர்கள் நாங்கள்.

அந்த வேதனையையும் சொல்லிவிடுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஒவ்வொரு ரமளானிலும் தராவீஹில் அதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் பதினான்கு வாடிக்கையாளர்களில் ஒருவரிடம்கூட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்ததில்லை. பழகியவர்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்ற கூச்சம். விளைவு, ஓர் ஆலையிலிருந்து மட்டும் பதினான்கு மாதங்களாக 62,000 ரூபாய் நிலுவை. உத்யம் பதிவு செய்த சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நாங்கள் பதிவு செய்தவர்களே. தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும் என்பதுதான் அச்சட்டத்தின் பல். அந்தப் பல்லை நாங்கள் பயன்படுத்த முடியாது. அசலை மட்டும் கேட்கலாம். அசலைக் கேட்கவும் வாய் வரவில்லை. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதங்களில் எங்களுக்குள் எழுந்த வாக்குவாதங்கள் அனைத்தும் அந்தக் கூச்சத்தின் விலை. இதற்கு ஆலைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டோம்.

மஷ்வராவுக்குப் பின் இஸ்திகாரா தொழுதோம். கனவு ஏதும் வந்ததா என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஆவலோடு விசாரித்தார். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸில் கனவு பற்றிய பேச்சே இல்லை. எங்களுக்கும் ஏதும் தோன்றவில்லை. எட்டாம் நாள் ஃபஜ்ருக்குப் பின், தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து படிவம் தாக்கல் செய்பவர் மற்றவரிடம் சொன்னார்: “என்னங்க, நீங்க போங்க. நாலு வாடிக்கையாளரை மட்டும் என் பேர்லயே நான் வச்சுக்குறேன்.” மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது என்று ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். எட்டரை ஆண்டுகளாக அவர் சம்பாத்தியத்துக்கு ஒரு பெயர்கூட எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அந்த நான்கு பேருக்கும் ஒப்பந்தம் எழுதியாயிற்று, இம்முறை கூச்சப்படவில்லை.

சம்மதக் கடிதத்தை ஒன்பதாம் நாள் அனுப்பினோம். ஏப்ரல் 1 அன்று பணியில் சேர வேண்டும். மார்ச் இறுதி வரையிலான கணக்குகளை முடித்துக்கொடுத்தல்லாது விலகுவதில்லை என்று மற்றப் பத்துப் பேரிடமும் சொல்லியிருக்கிறோம். போளூரில் எங்களிடம் தொழில் கற்ற ஓர் இளைஞர் ஆறு ஆலைகளை ஏற்றுக்கொள்கிறார். நிலுவை வைத்திருந்த ஆலைக்காரர் செய்தி அறிந்து, முப்பதாயிரம் ரூபாயையும் ஒரு மூட்டை அரிசியையும் கொடுத்தனுப்பினார். 26 கிலோ மூட்டை. மூட்டைக்கான பணத்தை நிலுவையில் கழித்துக்கொண்டோம்.

அத்தாவின் விஷயம் மட்டும் முடியவில்லை. தேரடி வீதிப் பக்கம் நாற்பது ஆண்டுகள் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். ஒருநாளும் யாரிடமும் சம்பளம் வாங்கியதில்லை. அம்மா அடங்கியிருக்கும் கபரஸ்தானுக்கு வெள்ளிதோறும் போய்வருபவர். செய்யாறில் பள்ளிவாசலுக்கு அருகிலேயே வீடு பார்த்திருக்கிறோம் என்று சொன்னபோது, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு முழிச்சா இந்த மலை தெரியும்பா. அங்க என்ன தெரியும்?” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. மேல் தளத்தில் ஓர் அறை காலியாக உள்ள வீட்டைத்தான் பார்த்திருக்கிறோம். அதன் சாவியை இன்னும் வாங்கவில்லை.