டார்டுபாலுக்

"ஒரு பாறைக்காக ரெண்டு நாடு பாட்டில் வச்சு சண்டை போட்ட கதை தெரியுமா?" கேன்டீன்ல நான் எத்தனையோ தடவை சொல்லி சிரிப்பு வாங்கின கதை.

கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவுல இருக்கு ஹான்ஸ் தீவு. சுமார் 1.3 சதுர கிலோமீட்டர். மரம் இல்லை, குடியிருப்பு இல்லை. 1984ல கனடாக்காரங்க கொடி நட்டு விஸ்கி வச்சாங்க. அதே வருஷம் டென்மார்க் அமைச்சர் ஒருத்தர் தன் நாட்டுக் கொடியோட, அவங்க ஊர்ச் சரக்கை வச்சுட்டு வந்தார்.

"யாருக்கும் உதவாத பாறை"ன்னு முடிப்பேன். அங்கதான் தப்பு. இனுயிட் மக்கள் அதை டார்டுபாலுக்னு சொல்றாங்க. சிறுநீரக வடிவத்துல இருக்கறதால. கடல் உறைஞ்சிருக்கும்போது வேட்டைக்காரங்க அதுமேல ஏறி நின்னுதான் பனிப்பரப்பை நோட்டம் விட்டு, எந்தப் பக்கம் போகலாம்னு முடிவு பண்ணுவாங்க. அந்த ஹான்ஸும் வெள்ளைக்காரர் இல்லை (நான் அப்படித்தான் நெனைச்சிருந்தேன்!). ஹான்ஸ் ஹென்ட்ரிக், துருவப் பயணக் குழுக்களுக்கு வேட்டையாடிக் கொடுத்து வழிகாட்டின கிரீன்லாந்துக்காரர்.

2022 ஜூன்ல தீவை ரெண்டாப் பிரிச்சுகிட்டாங்க. இனுயிட் மக்கள் முன்ன மாதிரியே ரெண்டு பக்கமும் போய்வர வழி வச்சிருக்காங்க.

போன வாரம் கேன்டீன்ல டார்டுபாலுக்னே ஆரம்பிச்சேன். சிரிப்பு கொஞ்சம் கம்மிதான்.